ஒரே சீசன் ஆடிய சாம்பியன்கள்

ஜார்ஜ் ஸ்டைன்ப்ரென்னர் 2010 ஜூலையில் இறந்தபோது வெளியான அஞ்சலிக் கட்டுரைகள் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. அதில் தவறில்லை. 1973 முதல் சாகும்வரை அந்த அணியின் முதலாளி அவர்தான். அத்தகைய வாழ்க்கைக் குறிப்புகளில் எங்கேனும் ஓரிடத்தில், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் பைப்பர்ஸ் என்ற கூடைப்பந்து அணியின் பெயரும் வந்துபோகும். இளம் வயதில் வாங்கினார், பணத்தை இழந்தார், அணி கலைந்தது, அவ்வளவுதான். பிறகு கதை மறுபடி யாங்கீஸுக்குப் போய்விடும்.

அந்த அணியின் கதை ஒரு பணக்காரரின் இளமைக் கால அனுபவமாகச் சுருங்கிப் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பைப்பர்ஸ் தொழில்முறை அணியாக ஆடியது ஒரே ஒரு சீசன், 1961–62. அந்த ஒரே சீசனில் அது சாம்பியன். ஆனால் அதற்கு முன்பே ஓர் ஆசிரியர் பொறுமையாக அந்த அணியை உருவாக்கியிருந்தார். அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். கூடைப்பந்தை நேசிக்கிறவர்கள் பைப்பர்ஸை அவர் வழியாகத்தான் நினைவுகூர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மெக்லெண்டன் 1915-இல் கான்சாஸ் மாநிலத்தில், ஹயவாதா என்ற ஊரில் பிறந்தார். கறுப்பினத்தவர். 1933-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு பீச் பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்! கூடைப்பந்தைப் படைத்தவரிடமே கூடைப்பந்து கற்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? ஆனால் அந்தப் பல்கலைக்கழக அணியில் மெக்லெண்டனுக்கு இடமில்லை. கறுப்பின மாணவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய வழக்கம். நெய்ஸ்மித்தின் அருகிலிருந்து படிக்கலாம், பயிற்சி தரக் கற்றுக்கொள்ளலாம். பல்கலைக்கழகச் சட்டை அணிந்து ஆட மட்டும் முடியாது.

நீச்சல் குளத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் தேர்வு கட்டாயம். மெக்லெண்டன் குளத்தில் இறங்கி நீந்திவிட்டு வெளியே வந்த பிறகு குளத்து நீர் முழுவதையும் வடித்துவிட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. எல்லா மாணவர்களுக்கும் குளம் திறக்கப்படும்வரை அந்தப் பிரச்சினையை விடவும் இல்லை. நெய்ஸ்மித்தும் அவருக்குத் துணை நின்றார். 1936-இல் பட்டம் வாங்கினார். கூச்சல் போடாமல், விட்டும் கொடுக்காமல் காரியத்தைச் சாதிக்கும் அந்தக் குணம் அவருடைய வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தது. பைப்பர்ஸில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளவும் இந்தக் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் வட கரோலினாவில், டர்ஹாம் நகரில் இருந்த கறுப்பினத்தவர் கல்லூரியின் பயிற்சியாளராகி, வேகமான ஆட்டம் ஒன்றை வளர்த்தெடுத்தார். பந்து கையில் கிடைக்கும் இடத்தில் தாக்குதல் தொடங்குகிறது, பந்தை இழக்கும் இடத்தில் தற்காப்பு தொடங்குகிறது. இதை நெய்ஸ்மித்திடம் கற்றேன் என்று மெக்லெண்டன் சொல்வார். இன்று எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் காதில் விழும் ஃபாஸ்ட் பிரேக் (பந்து கிடைத்ததும் எதிரணி திரளும் முன் பாய்ந்து தாக்குவது), ஃபுல் கோர்ட் பிரஸ் (மைதானம் முழுக்க எதிரணியை நெருக்குவது) ஆகியவற்றுக்கு முழுமையான வடிவம் கொடுத்தவர்களில் அவர் முன்னவர். நிதானமாகப் பந்தைக் கைமாற்றி, நின்று குறிபார்த்து எறிந்த காலத்தில் அவருடைய பையன்கள் மைதானத்தின் இரு முனைக்கும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. டர்ஹாம் நகரமே தேவாலயத்தில் இருந்த நேரம். அதே ஊரிலுள்ள டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணி ரகசியமாக மெக்லெண்டனின் கல்லூரிக்கு வந்தது. இன ஒதுக்கல் சட்டம் நடப்பில் இருந்த ஊரில் இரு இனத்தவரும் ஒரே மைதானத்தில் ஆடுவது ஆபத்தான செயல். உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். 88–44 என்று மெக்லெண்டனின் அணி வென்றது. அதன் பிறகு இரு அணியினரும் கலந்து, புதிதாக இரண்டு அணி பிரித்து, இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். முதல் ஆட்டத்தைவிட இந்த இரண்டாவது ஆட்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வென்றாயிற்று, யார் மேல் என்று நிறுவியாயிற்று. அத்துடன் அவரவர் வழியில் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. இந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1954-இல் நாஷ்வில் நகரில் டென்னசி ஏ அண்ட் ஐ என்ற கறுப்பினத்தவர் கல்லூரிக்குப் போனார். கான்சாஸ் சிட்டியில் நடக்கும் சிறு கல்லூரிகளின் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது, மற்ற அணிகள் தங்கும் ஓட்டலிலேயே தன் அணியும் தங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். நிபந்தனை ஏற்கப்பட்டது. பிறகு 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தக் கோப்பையை வென்றார். டிக் பார்னெட், ஜான் பார்ன்ஹில், பென் வார்லி எல்லோரும் அந்தக் கல்லூரியில் அவரிடம் ஆடியவர்கள். இந்த மூவரும் பிறகு கிளீவ்லண்டுக்கு வந்து பைப்பர்ஸுக்காக ஆடினார்கள்.

பைப்பர்ஸ் 1959-இல் தொடங்கியபோது அது தொழில்முறை அணி அல்ல. அந்நாளில் அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் சொந்தமாகக் கூடைப்பந்து அணி வைத்திருந்தன. எண்ணெய் நிறுவனமான பிலிப்ஸ், டிராக்டர் செய்யும் கேட்டர்பில்லர் போன்றவற்றின் அணிகள் நாடறிந்தவை. வீரர்கள் பகலில் நிறுவனத்தில் வேலை பார்ப்பார்கள், மாலையில் ஆடுவார்கள், ஏட்டளவில் அமெச்சூர். நம் ஊர் வங்கி, ரயில்வே, மின்வாரிய அணிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். கிளீவ்லண்டில் குழாய்த் தொழில் நடத்திய எட் ஸ்வீனி அப்படி ஓர் அணியைத் தொடங்கினார். அதனால்தான் பைப்பர்ஸ் என்ற பெயர். அவர் பயிற்சியாளராக அழைத்தது மெக்லெண்டனை. இதற்காக ஸ்வீனிக்கு நன்றி சொல்ல வேண்டும். 1959-இல் ஒரு வெள்ளை முதலாளி தன் அணியை ஒரு கறுப்பினப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தது சாதாரண முடிவு இல்லை.

அடுத்த ஆண்டே அந்த அணி செய்த காரியத்தைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கிற்குப் போன அமெரிக்க அணியில் ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், ஜெர்ரி லூகாஸ் மூவரும் இருந்தார்கள். அமெச்சூர் கூடைப்பந்து வரலாற்றின் தலைசிறந்த அணி என்று அதைச் சொல்வார்கள். ரோமில் ஆட்டத்துக்குச் சராசரியாக நாற்பது புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் எதிரணிகளை வீழ்த்திய அணி அது. ரோமுக்குக் கிளம்பும் முன் ஓஹையோவில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அந்த அணியை பைப்பர்ஸ் 101–96 என்று தோற்கடித்தது. 1961-இல் நாட்டின் அமெச்சூர் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. தொழில்முறைக்கு வருவதற்கு முன்பே அது முழுமையடைந்த அணி. இதை விட்டுவிட்டுக் கதையைத் தொடங்கும்போதுதான் ஸ்டைன்ப்ரென்னர் ஏதோ வெறுங்கையால் அணி கட்டியதுபோல ஆகிவிடுகிறது.

இனி லீக்கின் கதை. ஏப் சாப்பர்ஸ்டைன் என்பவர் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற வேடிக்கைக் கூடைப்பந்துக் குழுவின் முதலாளி. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆரம்பக் காலத்தில் கூட்டம் சேராமல் தவித்தபோது, ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம் என்று தன் குழுவையும் சேர்த்து ஆடவைத்து அதைத் தாங்கிப் பிடித்தவர். அதற்கு நன்றிக்கடனாக லாஸ் ஏஞ்சலஸ் நகர அணி தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். 1960-இல் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அங்கே குடிபெயர்ந்துவிட்டது. ஏமாற்றமடைந்த சாப்பர்ஸ்டைன் 1961-இல் சொந்தமாகவே ஒரு லீக் தொடங்கினார். அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக், சுருக்கமாக ஏ.பி.எல்.

எட்டு அணிகள்: சிகாகோ, கிளீவ்லண்ட், கான்சாஸ் சிட்டி, பிட்ஸ்பர்க், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, ஹவாய். ஆமாம், ஹவாய்! கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் பெருங்கடலின் நடுவே விமானத்தில் போய் ஆடிவிட்டு வர வேண்டும். காலியான இருக்கைகளுக்கு முன்னால் ஆடும் லீக்குக்கு இந்தப் பயணச் செலவு எப்படிக் கட்டுப்படியாகும்?

ஆனால் அந்த லீக்கை வெறும் தோல்விக் கணக்காகப் பார்க்க என்னால் முடியாது. தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒரு சீசன் முழுக்க மூன்று புள்ளிக் கோட்டை வைத்து ஆடிய முதல் லீக் அது. இருபத்தைந்து அடி தூரத்தில் வளைவாக ஒரு கோடு போட்டு, அதற்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்றார் சாப்பர்ஸ்டைன். வளையத்துக்கு அடியில் உயரமானவர்கள் மட்டுமே ஆதிக்கம் செலுத்திய ஆட்டத்தில் குள்ளமானவனுக்கும் ஒரு வழி திறந்தது. அதே நோக்கத்தில், வளையத்தின் முன்னாலிருக்கும் பகுதியையும் பதினெட்டு அடிக்கு அகலப்படுத்தினார், என்.பி.ஏ.வில் அன்று அது பன்னிரண்டு அடி. மூன்று புள்ளி விதியை என்.பி.ஏ. ஏற்றது 1979-இல். இன்று ஸ்டெஃபன் கரி எறியும் ஒவ்வொரு பந்தும் இந்த ஒன்றரை ஆண்டு லீக்குக்குக் கடன்பட்டிருக்கிறது. தவிர, கல்லூரிச் சூதாட்ட விவகாரம் ஒன்றில் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலே என்.பி.ஏ.வின் கதவு மூடப்பட்டிருந்த கோனி ஹாக்கின்ஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞனுக்கு இந்த லீக்தான் இடம் கொடுத்தது. பிட்ஸ்பர்க் ரென்ஸ் அணிக்கு ஆடிய அவன்தான் முதல் சீசனின் தலைசிறந்த வீரன்.

பைப்பர்ஸ் இந்த லீக்கில் சேர்ந்தபோது அதன் முதலாளி மாறியிருந்தார். ஸ்டைன்ப்ரென்னருக்கு அப்போது முப்பது வயதுதான். ஏரிகளில் சரக்குக் கப்பல் ஓட்டும் குடும்பத் தொழில். கல்லூரி அமெரிக்கன் கால்பந்து அணிகளில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், விளையாட்டு என்றால் உயிர். தந்தைக்கு இந்த முதலீட்டில் விருப்பமில்லை. வேறு சிலரையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு அணியை வாங்கினார்.

மெக்லெண்டனை அவர் மாற்றவில்லை. இதனால், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்த தொழில்முறை அணி ஒன்றுக்கு லீக் ஆட்டங்களில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்று மெக்லெண்டன் அறியப்படுகிறார். பாப் கேட்ஸ் 1948–49-இல் டேட்டன் ரென்ஸ் அணிக்கு வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தாரே என்று யாரேனும் கேட்கலாம். உண்மைதான், கேட்ஸை மறக்கக் கூடாது. அது முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணி. மெக்லெண்டனின் அணி கலப்பு அணி. என்.பி.ஏ.வில் பில் ரஸ்ஸல் பயிற்சியாளரானது 1966-இல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மெக்லெண்டன் கிளீவ்லண்டில் வந்து நின்றுவிட்டார்.

அணியும் சிறப்பாக அமைந்தது. பார்னெட்டை சிரக்கியூஸ் நேஷனல்ஸ் அணியிலிருந்து இழுத்தார்கள். இடக்கையால் எறிவார்; எறியும்போது இரண்டு கால்களும் பின்னால் மடங்கிக்கொள்ளும். பார்க்க வினோதமாக இருக்கும், பந்து மட்டும் வளையத்துக்குள் போய்விடும். ஒப்பந்தப்படி அவர் எங்களுக்கே ஆட வேண்டும் என்று சிரக்கியூஸ் ஓஹையோ நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு சிரக்கியூஸின் பக்கமே வந்தது. விளையாட்டு ஒப்பந்தச் சட்டம் படிக்கிறவர்கள் அந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். ஆனாலும் பார்னெட் அந்த சீசனில் பைப்பர்ஸுக்காக ஆடினார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரி சீக்ஃப்ரீட் இன்னொருவர். அவரைத் தேர்வுசெய்திருந்தது என்.பி.ஏ.வின் சின்சினாட்டி அணி. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திடம் கல்லூரி இறுதிப் போட்டியில் தோற்ற வேதனை ஆறாத சீக்ஃப்ரீட், அந்த ஊருக்கு ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டு பைப்பர்ஸுக்கு வந்தார். கென்டக்கி பல்கலைக்கழகத்தோடு 1958-இல் தேசியப் பட்டம் வென்ற ஜானி காக்ஸ் வந்தார். தெற்கத்திய கறுப்பினக் கல்லூரியின் பையன்களும், கறுப்பின வீரர்களை அன்று சேர்க்காத கென்டக்கியின் நட்சத்திரமும் ஒரே பயிற்சியாளரின் கீழ், ஒரே சட்டையில். டர்ஹாமில் பூட்டிய கதவுக்குள் நடந்தது, கிளீவ்லண்ட் அரீனாவில் டிக்கெட் போட்டு எல்லோரும் பார்க்க நடந்தது.

பார்க்க வந்தவர்கள்தான் குறைவு. யூக்ளிட் அவென்யூவில் இருந்த அந்த அரீனா ஐஸ் ஹாக்கிக்குப் பேர்போனது. 1952-இல் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், முதல் ராக் இசை நிகழ்ச்சி என்று வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சியும் அங்கேதான் நடந்தது. கூடைப்பந்துக்கு அந்தக் கூட்டம் வரவில்லை. வரவு குறைந்தால் சம்பளம் தாமதமாகும். சம்பளம் தாமதமானால் வீட்டு வாடகை நிற்கும். வீரர்களின் அன்றாடத்தில் ஏ.பி.எல். இப்படித்தான் இருந்தது.

ஸ்டைன்ப்ரென்னர் பொறுமைசாலி அல்லர். தோல்வி அவருக்குச் சொந்த அவமானம்போல. மைதானத்தின் ஓரத்தில் நின்று நடுவர்களைத் திட்டுவார். பரவலாகப் பதிவாகியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. ஹவாய் அணியுடன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இடைவேளையில், கிரேடி மெக்காலம் என்ற தன் வீரரை அந்த ஹவாய் அணிக்கே விற்றுவிட்டார். முதல் பாதியில் யாருக்காக ஓடினாரோ அவர்களுக்கு எதிராக அவர் இரண்டாம் பாதியில் ஆட வேண்டும். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். ஓய்வறையில் வியர்வையோடு உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் உன்னை விற்றாகிவிட்டது என்று சொல்வதில் எனக்கு வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. வீரர்களைத் தன் பிள்ளைகளைப்போல நடத்திய மெக்லெண்டன் அன்று என்ன பாடுபட்டிருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

லீக் சீசனை இரண்டு பாதிகளாகப் பிரித்திருந்தது. மெக்லெண்டனின் கீழ் பைப்பர்ஸ் முதல் பாதியில் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் சம்பளத் தகராறு முற்றிக்கொண்டே போனது. மெக்லெண்டன் வெளிப்படையாக வீரர்களின் பக்கம் நின்றார். 1962 ஜனவரி இறுதியில் பதவியை விட்டு விலகினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வேறெந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் அது ஒரு வேலையை விடுவது. மெக்லெண்டனுக்கு அப்படியில்லை. அவருடைய நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்ததே முதல்முறை. விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது, யாருக்கு வரும் என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டு சீசனை முடித்திருந்தால் சாம்பியன் பயிற்சியாளர் என்ற பட்டம் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அதையெல்லாம் அறிந்தே, தன் வீரர்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்காக அந்த நாற்காலியைத் துறந்தார். பைப்பர்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்வு எது என்று கேட்டால் கோப்பையைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஜெட்ஸ் அணி பணமில்லாமல் கலைந்தது. அதன் பயிற்சியாளர் பில் ஷார்மன் வேலையிழந்து நின்றார். பாஸ்டன் செல்டிக்ஸோடு நான்கு முறை என்.பி.ஏ. பட்டம் வென்றவர், குறி தவறாத எறிபவர். அவரை ஸ்டைன்ப்ரென்னர் அழைத்து வந்தார். ஷார்மன் திறமைசாலி, அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆட்ட நாளன்று காலையிலேயே அணியை மைதானத்துக்கு வரவைத்துப் பந்து எறியவைக்கும் வழக்கத்தைத் தொழில்முறை அணிகளுக்குள் கொண்டுவந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. இறுதிப் போட்டியில் கான்சாஸ் சிட்டி ஸ்டியர்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. பைப்பர்ஸ் அடுத்த மூன்றையும் வென்று கோப்பையை எடுத்தது. ஷார்மன் பிறகு 1971-இல் ஏ.பி.ஏ. என்ற இன்னொரு லீக்கிலும் 1972-இல் என்.பி.ஏ.விலும் பட்டம் வென்று, மூன்று லீக்குகளில் சாம்பியனான பயிற்சியாளர் ஆனார். அந்த மூன்றில் முதலாவது, மெக்லெண்டன் பழக்கிய அணியோடு வென்றது.

கோப்பை வந்த பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்டைன்ப்ரென்னர் ஜெர்ரி லூகாஸைப் பிடித்தார். அன்று கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பெயர் லூகாஸ்தான், அதுவும் ஓஹையோக்காரர். படிப்பில் அக்கறை உள்ளவர், தொழில்முறை ஆட்டத்தில் பெரிய நாட்டமில்லாதவர். அவரிடம் போய், படிப்புக்கு இடைஞ்சல் வராதபடி குறைந்த ஆட்டங்கள், ரொக்கத்தோடு நிறுவனப் பங்குகள் என்று பேசிச் சம்மதிக்கவைத்தார். புத்திசாலித்தனமான வேலை, மறுக்கவில்லை. லூகாஸ் கையில் இருந்ததும் என்.பி.ஏ.வே இறங்கி வந்தது. பைப்பர்ஸை கான்சாஸ் சிட்டி அணியோடு இணைத்து என்.பி.ஏ.வில் சேர்த்துக்கொள்வதாக 1962 கோடையில் பேச்சு முடிந்தது. பைப்பர்ஸையும் சேர்த்து ஆட்ட அட்டவணையே தயாராகிவிட்டது.

கட்ட வேண்டிய பணத்தைத்தான் கட்ட முடியவில்லை. லூகாஸ் மீது பிராந்திய உரிமை கொண்டாடிய சின்சினாட்டிக்கு ஒரு பங்கு தர வேண்டும். தன் லீக்கை விட்டு ஓடுகிறார்கள் என்று சாப்பர்ஸ்டைன் வழக்குத் தொடரப்போவதாக மிரட்டினார். பங்குதாரர்களின் பை காலி. ஜூலை இறுதிக்குள் எல்லாம் குலைந்தது. என்.பி.ஏ. கையை விரித்தது. ஏ.பி.எல்.லுக்குத் திரும்பவும் வழியில்லை. நடப்புச் சாம்பியன் தன் பட்டத்தைக் காத்துக்கொள்ள ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சாம்பியன் இல்லாமல் இரண்டாவது சீசனைத் தொடங்கிய ஏ.பி.எல்., 1962 டிசம்பர் 31 அன்று பாதி வழியில் மூடப்பட்டது.

ஸ்டைன்ப்ரென்னருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். திவால் அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கடன்காரர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் பல ஆண்டுகள் பாடுபட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது பெருந்தன்மைதான். ஆனால் யாங்கீஸில் அவர் மேலாளர்களை வரிசையாக நீக்கியதையும், பில்லி மார்ட்டின் ஒருவரையே ஐந்து முறை நியமித்து ஐந்து முறையும் அனுப்பியதையும் படிக்கும்போது, கிளீவ்லண்டில் கற்றுக்கொள்ள வேண்டியதை அவர் கற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீரர்கள் நாலாபக்கமும் பிரிந்தார்கள். பார்ன்ஹில் செயின்ட் லூயிஸ் போனார், வார்லி சிரக்கியூஸ் போனார். சீக்ஃப்ரீட் பாஸ்டன் சென்று ஐந்து என்.பி.ஏ. பட்டங்கள் வென்றார். லூகாஸ் ஓர் ஆண்டு சும்மா இருந்து, பிறகு சின்சினாட்டியிலேயே சேர்ந்தார். பார்னெட் லேக்கர்ஸுக்கும், அங்கிருந்து நியூயார்க் நிக்ஸுக்கும் போனார். 1973-இல் நிக்ஸ் சாம்பியனானபோது பார்னெட்டும் லூகாஸும் ஒரே அணியில் இருந்தார்கள்.

பார்னெட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். வயதான காலத்தில் அவர் தன் சொந்தப் புகழுக்காக யாரிடமும் போய் நிற்கவில்லை. மூன்று முறை வென்ற டென்னசி ஏ அண்ட் ஐ அணிகளைக் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ்க் கூடம் அங்கீகரிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 2019-இல் அது நடந்தது. அவரும் 2024-இல் அங்கே இடம்பெற்றார்.

மெக்லெண்டன் 1966-இல் கிளீவ்லண்டுக்கே திரும்பினார். கிளீவ்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சியாளராக நியமித்தது; பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள் படித்த பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவரும் அவரே. 1969-இல் ஏ.பி.ஏ. லீக்கின் டென்வர் ராக்கெட்ஸ் அழைத்தது. இருபத்தெட்டே ஆட்டங்களில் அனுப்பிவிட்டது. தொழில்முறையில் அவருக்கு அதன் பிறகு வாய்ப்பில்லை.

1979-இல் நெய்ஸ்மித் பெயரைத் தாங்கிய புகழ்க் கூடம் அவரைச் சேர்த்தது; ஆனால் பயிற்சியாளராக அல்ல, கூடைப்பந்துக்குப் பங்களித்தவர் என்ற வகையில். நெய்ஸ்மித்திடமே படித்து, மூன்று தேசியக் கல்லூரிப் பட்டங்களையும் ஓர் அமெச்சூர் பட்டத்தையும் வென்று, ஆட்டத்தின் வேகத்தையே மாற்றியவரைப் பயிற்சியாளர் என்று அழைக்க அவர்களுக்கு மேலும் முப்பத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன. 2016-இல் அந்த வகையிலும் சேர்த்தார்கள். அவர் 1999-லேயே காலமாகிவிட்டார்.

அதே 2016-இல்தான் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் முதல் என்.பி.ஏ. பட்டத்தை வென்றது. நகரம் பல்லாண்டு காத்திருந்த கோப்பை என்று கொண்டாடினார்கள். அந்த மகிழ்ச்சிக்கு நான் ஒரு சொல்லும் எதிராகச் சொல்ல மாட்டேன். 1920-களின் பழைய தொழில்முறை லீக்கில் ரோசன்பிளம்ஸ் என்ற அணி கிளீவ்லண்டுக்கு மூன்று முறை பட்டம் கொண்டுவந்ததை அந்த ஊரிலேயே எத்தனை பேர் அறிவார்கள்? அந்த நகரத்தின் கூடைப்பந்துப் பட்டங்களை நான் 1926, 1929, 1930, 1962, 2016 என்று எண்ணுகிறேன். அதில் 1962-க்கு நேரே ஷார்மனோடு மெக்லெண்டனின் பெயரையும் எழுதிவைக்கிறேன்.